ஆத்தங்குடி கல்லுக்கு மூன்று கட்டுரை

தொழிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் எழுதுவதில் என்ன சிக்கல் வருகிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் பல உருவங்கள்: "நன்றாகத்தான் எழுதினோம், பயன் இல்லையே?" அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஆத்தங்குடி கல் (தரையில் பதிக்கும் பூக்கல்) செய்யும் முறை, தாத்தா காலத்துக் கதை, பூ வடிவங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நீளமாக எழுதி எங்கள் இணையதளத்தில் போட்டோம். படித்தவர்கள் 'அருமை' என்கிறார்கள். ஆனால் கல் வாங்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் போனில் மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்கள். எங்கே தவறு?
— ஆத்தங்குடி வாசகர்

பதில்: மூன்று பேருக்கு ஒரே இலையில் பரிமாறிவிட்டீர்கள். உங்கள் கட்டுரையைத் திறக்கிறவர் மூன்று வகை. கல் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படும் சுற்றுலாக்காரர் ஒருவர். வீடு கட்டிக்கொண்டிருப்பவர், அல்லது அவருடைய இன்ஜினீயர், இன்னொருவர். ஏற்கெனவே கல் பதித்துவிட்டுக் கறையோடு முழிப்பவர் மூன்றாமவர். இந்த மூவரும் படித்து முடித்ததும் செய்யப்போகும் காரியம் வேறு வேறு. ஒருவர் வண்டி ஏறுவார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் துணியை நனைத்துத் துடைப்பார். எழுத உட்காருமுன் "இதைப் படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். மூன்று வரி வந்தால் மூன்று கட்டுரை என்று பொருள்.

வீடு கட்டுபவரிடமிருந்து தொடங்குவோம். காசு தருபவர் அவர்தான். அவருக்குத் தாத்தா கதை முதல் பத்தியில் வேண்டாம். அளவு வேண்டும், கனம் வேண்டும், எடை வேண்டும். 8 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25 கல், 10 அங்குலம் என்றால் 1.44, 12 அங்குலம் என்றால் ஒன்று. இதை அட்டவணையாகப் போட்டாலே பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும். அதோடு நிறுத்தாமல் ஓர் அறையைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இப்படி:

"10 அடிக்கு 12 அடி அறை, 8 அங்குலக் கல். ஒரு பக்கம் 15 கல், மறுபக்கம் 18 கல், மொத்தம் 270. சுற்றிலும் ஒரு வரிசை ஓரக் கல் வைத்தால் அதற்கு 62 போகும். அதில் நான்கு மூலைக் கல். நடுவில் பூக்கல் 208. உடைசலுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்துக் கூட்டி, மொத்தமாக 300 கல் வாங்குங்கள்."

இந்தச் சில வரியைப் படித்தவர் தன் வீட்டுக் கூடத்துக்குத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். மூலைக் கல் தனி என்பது அவருக்கு அதுவரை தெரிந்தே இருக்காது. பூவும் ஓரமும் சேர்த்து 300 என்று சொல்லிவிட்டு மூலைக் கல்லை மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் குளறுபடி. நான்கு மூலையை மட்டும் பிறகு செய்து வாங்கினால் நிறம் ஒட்டாது.

விலையைச் சொல்லும்போது சதுர அடி விலையா, கல் விலையா, ஏற்றுக்கூலி சேர்த்தா என்று எழுதுங்கள். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து வார்ப்பது, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது, காயவைப்பது எல்லாம் முடிய உங்கள் பட்டறையில் எத்தனை நாள், மழைக்காலத்தில் எத்தனை நாள் கூடும் என்பதும் வர வேண்டும். இந்தக் கல் கனமானது. கீழே போடும் கலவையும் சேர்ந்து தளம் உயரும், பழைய வீடானால் கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். இதை நீங்கள் முன்கூட்டியே எழுதினால் கல் பதிக்கும் மேஸ்திரியே உங்கள் கட்டுரையை நாலு பேருக்கு அனுப்புவார்.

குறையையும் எழுதத்தான் வேண்டும். கையால் வண்ணம் ஊற்றுவதால் ஒரு தடவை வார்த்த கல்லுக்கும் அடுத்த தடவை வார்த்ததற்கும் நிறம் சற்று மாறும். மறைத்தால் வண்டி திரும்பி வரும். "ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே வார்ப்பிலிருந்து வாங்குங்கள், நாலைந்து அடுக்கிலிருந்து கலந்து எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள்" என்று எழுதினால் அதே குறை உங்கள் அனுபவத்துக்குச் சாட்சியாகிவிடும்.

கறைக்காரருக்கு எழுதும் கட்டுரை நீளமாக இருக்கவே கூடாது. தலைப்பிலேயே அவர் தேடும் சொல் இருக்கட்டும்: "ஆத்தங்குடி கல்லில் கறை: எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது." முதல் வரியில் விடை: ஆசிட் வேண்டாம். காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இது சுடாத கல், சிமென்ட்டால் ஆனது. சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலம் தின்றுவிடும், மேல்பரப்பின் வழவழப்புப் போய்ச் சொரசொரப்பாகும். காரணம் தெரிந்தவர் எலுமிச்சம்பழச் சாற்றையும், குத்துவிளக்குத் துலக்கிய புளித்தண்ணீரையும் கூடத் தானாகவே தள்ளி வைப்பார். 'ஆசிட் கூடாது' என்று மட்டும் எழுதினால் புளி ஆசிட் இல்லையே என்று நினைப்பார்.

சுற்றுலாக்காரருக்குத்தான் உங்கள் தாத்தா கதை. அவருக்கும் அதைப் பிறகு சொல்லுங்கள், முதலில் கையைக் காட்டுங்கள். துடைத்த கண்ணாடி, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் அறைகளில் ஒவ்வொன்றாக வண்ணச் சாந்து விழுகிறது. அச்சைத் தூக்குகிறார், கோடு கலையவில்லை. மேலே மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார். பிறகு காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியிலிருந்து கல் பிரியும்போதுதான் பூவின் முகம் தெரிகிறது. செய்கிறவர் அதுவரை பார்த்ததெல்லாம் அதன் முதுகை. இந்த இடத்தில் கட்டுரையைத் தொடங்கலாம். கடைசியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை நடக்கும், எந்தக் கிழமை விடுமுறை, படம் எடுக்கலாமா என்ற மூன்றையும் போடுங்கள். வண்ணம் ஊற்றுவது காலையில் மட்டும்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். மாலையில் வந்து வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர் உங்களைப் பற்றி நல்லபடி எழுதமாட்டார்.

கேள்வி: வெள்ளைப் பணியாரம் செய்முறையை எழுதிச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ள சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். "எண்ணெய் குடிக்கிறது ஆச்சி" என்கிறார்கள். நான் செய்தால் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அளவைச் சரியாகத்தானே எழுதினேன்: பச்சரிசி ஒரு ஆழாக்கு தலைதட்டி, அதன் மேல் உளுந்து கோபுரமாக.
— பள்ளத்தூர் வாசகி

பதில்: உங்கள் அளவு சரி, ஆச்சி. உங்கள் ஆழாக்குக்குச் சரி. அவர்கள் வீட்டில் ஆழாக்கு இல்லை, காபிக் கோப்பைதான் இருக்கிறது. சிக்கல் முழுவதும் அந்தக் 'கோபுரம்' என்ற சொல்லில் உட்கார்ந்திருக்கிறது.

அரிசியின் மேல் உளுந்து எவ்வளவு குவியும் என்பதைப் பாத்திரத்தின் வாய் அகலம்தான் தீர்மானிக்கும். வாய் 6 சென்டிமீட்டர் உள்ள ஆழாக்கில் குவியும் உளுந்து ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. வாய் 8 சென்டிமீட்டர் உள்ள கோப்பையில் அதே கோபுரம் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும், ஏனென்றால் அடி அகலும்போது உயரமும் சேர்ந்து ஏறும். அரிசி அளவு கிட்டத்தட்ட அதேதான், உளுந்து மட்டும் இரட்டிப்பு. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிங்கப்பூரில் நடந்தது இதுதான்.

ஆகவே ஒருமுறை உங்கள் ஆழாக்கில் அளந்து, அரிசியைத் தனியாக, உளுந்தைத் தனியாக, தராசில் வைத்துக் கிராமில் எழுதிவிடுங்கள். பழைய கணக்கில் ஆழாக்கு என்பது 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் வீட்டில் கிடக்கும் ஆழாக்கு அந்தக் கணக்குக்கு அடங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புத்தகக் கணக்கைப் போடாமல் உங்கள் பாத்திரத்தையே நிறுத்துப் போடுங்கள். 'தலைதட்டி, கோபுரமாக' என்பதையும் விட்டுவிட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு அதுதான் புரியும், கேட்கவும் அழகு. கிராம் பக்கத்தில் நிற்கட்டும்.

அடுத்தது, நீங்கள் எழுதாமல் விட்டவை. எழுதத் தேவையில்லை என்று உங்கள் கை நினைத்தவை. 'பணியாரம்' என்றதும் வெளியூர்க்காரர் குழிப்பணியாரச் சட்டியை எடுத்துவிடுவார். "இதற்குக் குழிச்சட்டி வேண்டாம், வாணலியில் எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அரிசியும் உளுந்தும் என்றாலே மாவைப் புளிக்க வைப்பார்கள். "ஆட்டியதும் சுட வேண்டும், புளிக்கக் கூடாது" என்பது இரண்டாவது வரி. மூன்றாவது, ஒரு கரண்டி மாவை ஊற்றி, அது எழும்பி, திருப்பிப் போட்டு எடுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரக்காரர் நான்கை ஒன்றாக ஊற்றி, ஒட்டிக்கொண்டது என்று உங்களைக் கேட்பார்.

பதத்தை எழுதுவதுதான் கடினம். 'தோசை மாவுப் பதம்' என்றால் ஆளுக்கொரு தோசை. கண்ணுக்குத் தெரிகிற சோதனை ஒன்றைச் சொல்லி, தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்: "முதலில் ஒன்றை மட்டும் ஊற்றிப் பாருங்கள். அப்பளம் போலப் பரந்து ஓரம் முறுகினால் மாவு நீர்த்திருக்கிறது, ஒரு கரண்டி பச்சரிசி மாவைச் சேருங்கள். உருண்டு நின்று நடுவில் வேகாமல் இருந்தால் கெட்டி, இரண்டு கரண்டி பால் விடுங்கள்." சமையல் குறிப்பில் மக்கள் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த வரிகளைத்தான். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது, மாவு ஒட்டிய விரலோடு, போனை முழங்கையால் தள்ளிக்கொண்டு படிப்பார்கள். அதனால் 'என்ன தவறும்' என்பது பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கக் கூடாது. தனி வரியாக நிற்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரி போதும். அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: ஒரு கட்டுரை எத்தனை சொல் இருக்க வேண்டும்? 300 என்கிறார் ஒருவர், 1500 என்கிறார் ஒருவர்.
— காரைக்குடி கல்லூரி மாணவி

பதில்: படிப்பவரின் கேள்விக்கு விடை முடிகிற இடத்தில் கட்டுரை முடியும். கறை நீக்குவதற்கு 150 சொல் தாராளம். ஒரு வீட்டின் மரவேலையை விவரிக்க 2000 போதாமல் போகலாம். எண்ணிக்கைக்குப் பதில் வேறொரு வேலை செய்யுங்கள். எழுதி முடித்ததும் முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை வெட்டிவிடலாம். "பண்டைக் காலம் தொட்டே நம் தமிழர்கள்" என்று தொடங்குபவை பத்துக்கு ஒன்பது இந்தச் சோதனையில் விழும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். வீட்டின் பெருமையை விளக்கமாக எழுதியும், வந்து இறங்கியபின் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்: இந்த மூன்றும் வராத செட்டிநாட்டு வீட்டுக் கட்டுரை உண்டா? உங்கள் வீட்டில் எது இருப்பதாக உறுதியாகத் தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள். 'யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்' என்று போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அறிவிப்பு அல்ல. வெளிநாட்டுப் பயணி இதைச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகாது. ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

முகம் சுளிப்பதற்குக் காரணம் பெருமை குறைந்தது அல்ல, தகவல் குறைந்தது. படி செங்குத்தா, மாடி அறைக்கு எத்தனை படி, முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ் அறை உண்டா? குளியலறை அறைக்குள்ளா, வளவை (வீட்டின் நடு முற்றத்தை) கடந்து போக வேண்டுமா? மழை பெய்தால் வளவுக்குள் தண்ணீர் விழும். அது அழகு, ஆனால் அடுப்படிக்குப் போகிறவர் தாழ்வாரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். நிலைவாசலில் குனிய வேண்டுமா? அசைவம் உண்டா, எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்? இவற்றை எழுதினால் நாலு பேர் வராமல் போகலாம். வந்திருந்தாலும் அந்த நாலு பேர்தான் குறை எழுதியிருப்பார்கள்.

வழி சொல்லும்போது 'காரைக்குடிக்கு அருகில்' போதாது. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், செட்டிநாடு என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. இரவு வண்டியில் வருகிறவருக்குக் காரைக்குடியில் இறங்கச் சொல்லி, அந்த நேரத்தில் கார் கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள். வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு போன்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை வரும் இடத்தில் பாதி வரியில் விளக்கம் கொடுத்தால் போதும்: "வளவு, அதாவது வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்." அதன்பின் தாராளமாகப் புழங்கலாம். விருந்தினர் இரண்டாம் நாளே அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: குடும்ப வரலாறு எழுதுகிறேன். பங்காளிகளுக்கும் வேண்டும், வெளியாரும் படிக்க வேண்டும். ஒரே எழுத்தில் முடியுமா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: முடியும் என்று தொடங்கி முடியாமல் நிற்பவர்கள் நிறைய. பங்காளிகளுக்கு வேண்டியது பெயர், உறவு, கோவில், புள்ளி (தனித்தனிக் குடும்பக் கணக்கு). வெளியாருக்கு வேண்டியது ஒரு காலம் எப்படி இருந்தது என்பது. இளையாத்தங்குடிக் கோவிலா, மாத்தூர்க் கோவிலா என்று எழுதியதும் உங்கள் ஆட்களுக்குப் பாதி உறவு விளங்கிவிடும். வெளியாருக்கு நகரத்தார் ஒன்பது கோவில்களாகப் பிரிந்திருக்கும் ஏற்பாட்டையே சொல்லித்தான் தொடங்க வேண்டும். வம்சாவளியைத் தனியாகவும், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போன கதையைத் தனியாகவும் எழுதுவது நல்லது.

சொற்களில் கவனம் தேவை. "ஆயா வீட்டில்தான் வளர்ந்தேன்" என்று எழுதினால் நம்மவர்களுக்கு அம்மாவைப் பெற்றவள். சென்னை வாசகருக்குச் சம்பளத்துக்குக் குழந்தை பார்த்த அம்மா. 'அப்பச்சி' என்றால் சிலருக்கு அப்பா, வேறு சில ஊர்களில் தாத்தா. விளக்கக் குறிப்பு ஒன்றை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

பழைய கணக்கேட்டிலும் இசைகுடிமானத்திலும் (கல்யாண உடன்படிக்கை) தமிழ் வருஷம்தான் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. 'விய வருஷம்' 1886-லும் வந்தது, 1946-லும் வந்தது, 2006-லும் வந்தது. எது என்பதை அந்தக் கடிதத்தில் உள்ள வேறு செய்தியை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இன்னொரு குழியும் உண்டு. விய வருஷம் 1946 சித்திரையில் பிறந்தது என்பதால் அந்த வருஷத்துத் தை மாதம் 1947 ஜனவரி–பிப்ரவரியில் விழும். தை மாதக் கல்யாணத்தை 1946 என்று எழுதிவிட்டுப் பிள்ளை பிறந்த தேதியோடு ஒட்டவில்லையே என்று குழம்புவார்கள். மூலத்தில் உள்ளபடி தமிழ்த் தேதியை எழுதி, பக்கத்தில் ஆங்கிலத் தேதியைப் போடுங்கள். மூலத்தை அழித்துவிட்டால் பின்னால் திருத்த வழியில்லை.

1942-இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள் பல குடும்பங்களில் உண்டு. வீட்டில் வாய்வழியாக வந்த செய்தியை "வீட்டில் சொல்வது" என்றும், கடிதத்தில் இருப்பதைக் "கடிதத்தில் உள்ளது" என்றும் பிரித்து எழுதுங்கள். வாசிப்பவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தானே முடிவு செய்வார்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, எந்த நாட்டில் என்ன வேலை என்பதெல்லாம் பொதுவில் போகிற பிரதியில் வேண்டாம். பூட்டிக் கிடக்கிற வீடானால், உள்ளே இருக்கும் மரப்பெட்டி, கண்ணாடி, ஓவியம் இவற்றின் படத்தையும் வீதியின் பெயரையும் ஒரே பக்கத்தில் போடாதீர்கள். வரலாறு படிக்கிறவர் மட்டும் பார்ப்பதில்லை.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கிறோம். ஒரே வாசகத்தை எல்லா இடத்திலும் ஒட்டுகிறோம். போதாதா?
— காரைக்குடி வாசகி

பதில்: வாட்ஸ்அப்பில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். அங்கே நிறம், நீளம், விலை, இருப்பு மட்டும் போதும். இணையதளத்தில் ரவிக்கைத் துணி சேர்த்தா இல்லையா, நூல் பருத்தியா, முதல் துவைப்பில் சாயம் விடுமா, தனியாக ஊறவைக்க வேண்டுமா என்பதெல்லாம் வர வேண்டும். 'அரக்கு' என்று எழுதினால் ஒருவர் கண்ணில் சிவப்பு, இன்னொருவருக்குப் பழுப்பு. பகல் வெளிச்சத்தில் நிழலில் வைத்து எடுத்த படம் ஒன்றும், கட்டத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்த படம் ஒன்றும் இருந்தால் பாதி வர்ணனை மிச்சம். கட்டம் எவ்வளவு பெரியது என்பதை எந்தச் சொல்லும் அந்த நாணயம் போலச் சொல்லாது.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறியில் இங்கே நெய்ததைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லுங்கள். வேறெங்கோ விசைத்தறியில் கட்டம் போட்ட சேலைக்கும் அதே வாசகத்தை ஒட்டுவது வாங்குகிறவரை ஏமாற்றுவது, சட்டச் சிக்கலும் வரும்.

கேள்வி: ஊர்த் திருவிழா அறிவிப்பை வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் அனுப்புகிறோம். பேச்சுத் தமிழிலேயே எழுதலாமா? பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள்.
— கோட்டையூர் வாசகர்

பதில்: பேச்சுத் தமிழ் அழைப்புக்கு நன்றாக இருக்கும். "எல்லாரும் வந்துருங்க, பெரியவுகளையும் கூட்டிட்டு வாங்க" என்பதைப் படித்தவருக்கு ஊர் நினைவு வரும். ஆனால் தேதி, நேரம், காணிக்கை வரி இருக்கும் பகுதியை எழுத்துத் தமிழில், தனியாக வையுங்கள். குழப்பத்துக்கு இடம் தரக்கூடாத இடம் அது.

"வரும் வெள்ளிக்கிழமை" என்று எழுதவே கூடாது. இந்தச் செய்தி மூன்று வாரம் கழித்து யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேரும், அவருக்கு எந்த வெள்ளி? தமிழ் மாதத் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, ஆண்டு என நான்கும் வேண்டும். கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நேரலை உண்டு என்றால் நம் நேரத்தோடு அவர்கள் நேரத்தையும் போடுங்கள். இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 8.30. டிக்கெட் எடுக்க வேண்டியவர்களுக்குக் காப்புக் கட்டும் தேதி உறுதியானதும் இரண்டு வரியில் முதல் செய்தி, முழு நிகழ்ச்சி நிரல் பிறகு.

கேள்வி: பத்து வருடமாகக் கணினியில் எழுதி வைத்த கட்டுரைகளை இப்போது இணையத்தில் ஏற்றினேன். தேடினால் ஒன்றுகூட வரவில்லை. சில இடத்தில் எழுத்தே கோணல்மாணலாகத் தெரிகிறது.
— புதுவயல் வாசகர்

பதில்: பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினிக்குள் உட்கார்ந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். தேடுபொறிக்கு அங்கே அம்மா இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மனிதக் கண்ணுக்கும் இல்லை.

யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் குப்பையாகத்தான் வரும். மாற்றியபின் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். கொம்புகள் தனியே நிற்கின்றனவா என்பது ஒன்று. 'ஔவை' என்பது ஒ-வும் ள-வும் சேர்ந்த 'ஒளவை' ஆகிவிட்டதா என்பது இரண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. கட்டுரைக்கு நடுவே ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கின்றனவா என்பது மூன்று. அந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும். பழைய கோப்புகளை அழிக்காமல் தனி அடைவில் வைத்திருங்கள், மாற்றத்தில் விழுங்கப்பட்ட வரியை அங்கே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.